தட்டில் ஏறாத குரல்கள்

திருத்தணியில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போனால் அது கடைசியாக நிற்கும் இடத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். 1985 மே மாதத் தீயில் எரிந்துபோன அந்தச் சந்தையில் பழைய புத்தகங்களோடு பழைய கிராமபோன் தட்டுகளும் கிடைக்கும். ஒருவர் வீட்டில் பெரியவர் இறந்தால் பரணிலிருந்து இறங்கும் தட்டுகள் அங்கேதான் வந்து சேரும். சந்தை போய்விட்டாலும் தேடுகிறவர்கள் போய்விடவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் இன்றும் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சந்தித்துக்கொண்டால் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "உங்களிடம் இருப்பதில் எது உசத்தி?" என்பதுதான். ஒருவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுப்பார். இன்னொருவர் எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுப்பார். பத்து வயதுச் சிறுமியாக எம்.எஸ். சுப்புலட்சுமி 1926இல் பாடிய தட்டு யாரிடம் இருக்கிறது என்று பேச்சு போகும். கோயம்புத்தூர் தாயியின் கீறல் விழாத தட்டு ஒன்று கிடைத்துவிட்டால் அவர்தான் அன்றைய ராஜா.

தோழர்களே, இந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. தூக்கி எறியப்பட்ட தட்டுகளைச் சொந்தக் காசில் வாங்கி, துடைத்து, பட்டியல் போட்டு வைத்தவர்கள் இவர்கள்தான். பம்பாயில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இல்லையென்றால் பல பாடகர்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது. என் கேள்வி வேறு. ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையேறுகிறவர் காதில் இரண்டு ஓசை விழும். ஒன்று, ஒலிபெருக்கியில் வரும் முருகன் பாட்டு. மற்றது, காவடியோடு சேர்ந்து வரும் பம்பையும் பறையும். முதல் ஓசைக்கு நூறாண்டு வரலாறு தட்டுகளில் இருக்கிறது. இரண்டாவது ஓசையின் நூறாண்டு எங்கே இருக்கிறது? சேகரிப்பாளர்கள் பெருமையாக எடுத்துக் காட்டும் தட்டுகளில் பறைக்கு என்று ஒரு தட்டை நான் இதுவரை கண்டதில்லை.

பதியும் கருவியும் கேட்கும் கருவியும்

எடிசன் 1877இல் கண்டுபிடித்த போனோகிராபும் பெர்லினர் 1887இல் காப்புரிமை கோரிய கிராமபோனும் ஒன்றல்ல. போனோகிராபில் சுழல்வது உருளை. கையில் மெழுகு உருளை இருந்தால் எவரும் அதில் பேசிப் பதியலாம், அதையே திரும்பக் கேட்கலாம். கிராமபோனில் சுழல்வது தட்டு. ஒரு தாய்த்தட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம். ஆனால் வாங்கியவர் கேட்க மட்டும்தான் முடியும், பதிய முடியாது. சந்தையில் ஜெயித்தது தட்டு. அந்த வெற்றியோடு எந்தக் குரல் பதிவாக வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரமும் கம்பெனிக்குப் போய்விட்டது.

லண்டன் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்தது 1902இல். அந்த நவம்பரில் கௌஹர் ஜான் பாடினார். பாட்டு முடிந்ததும் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். அந்தத் தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவர் ஆலையில் அச்சாகின. எந்தக் குரல் யாருடையது என்று அங்கிருந்த தொழிலாளிக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் பெயரைச் சொல்ல வைத்தார்கள். வியாபாரத் தேவைதான். ஆனாலும் இழிவாகப் பார்க்கப்பட்ட ஒரு பெண் தன் பெயரைத் தானே சொல்லி வரலாற்றில் பதித்துவிட்டார். இந்தப் பெயர் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவோம்.

அதே ஆண்டுகளில் சென்னையில் என்ன நடந்தது? அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அதற்கு முன்பே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். அச்சு இயந்திரம் நம் முன்னோர் கைக்கு எட்டியது. ஒரு பைசாவுக்கு நம் கருத்தை விற்க முடிந்தது. பதிவு இயந்திரம் அப்படி எட்டவில்லை. ஒரு தட்டின் விலை ரூபாய்க் கணக்கு, வயல் கூலி அணாக் கணக்கு. வாங்க முடியாதவரின் பாட்டைக் கம்பெனி ஏன் பதியப் போகிறது?

மாதிரியாகப் பதிவானவர்கள்

அப்படியானால் ஒடுக்கப்பட்டவர் குரல் எந்தக் கருவியிலும் ஏறவே இல்லையா? ஏறியது. எப்படி ஏறியது என்பதுதான் வேதனை. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1901இல் தொடங்கிய இனவரைவியல் கணக்கெடுப்புக்காக ஊர் ஊராகப் போனார். மூக்கின் நீள அகலத்தை அளக்கும் கருவி, புகைப்படப் பெட்டி ஆகியவற்றோடு ஒரு போனோகிராபும் அவர் வேலைக்குப் பயன்பட்டது. பழங்குடிப் பாட்டுகள் மெழுகு உருளையில் பதிவாகின. அந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் 1909இல் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளாக வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே காலம், ஒரே மாகாணம். தட்டில் பதிவானவர் கலைஞர். அவருக்குப் பெயர் உண்டு, சன்மானம் உண்டு, லேபிளில் ராகமும் தாளமும் உண்டு. உருளையில் பதிவானவர் ஒரு சாதிக்கோ குடிக்கோ மாதிரி. மூக்கை அளந்தது போலத்தான் குரலையும் அளந்தார்கள். மெழுகு உருளை நாலு முறை ஓட்டினாலே தேயும், பூஞ்சை பிடிக்கும். நம் குரல் எந்தப் பொருளில் பதிவானதோ அந்தப் பொருளுக்கே ஆயுசு குறைவு.

"அந்தக் காலத்துக் கருவி பறையின் ஓசையைத் தாங்காது" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. 1925க்கு முன் மைக் கிடையாது. பாடகர் ஒரு கூம்புக்குள் பாட வேண்டும், அந்த ஓசையின் விசையே ஊசியை அசைக்க வேண்டும். மேளத்தைப் பதிவது சிரமம்தான். ஆனால் 1925க்குப் பின் மின்பதிவு வந்துவிட்டது. நாகசுரமும் தவிலும் தட்டில் ஏறிக் கொடிகட்டிப் பறந்தன. தவிலைத் தாங்கிய ஊசி பறையைத் தாங்காதா? தடுத்தது ஊசி இல்லை.

நந்தன் பாட்டும் நந்தன் பேரனும்

சேகரிப்பாளர்கள் ஆசையாகத் தேடும் இன்னொரு வகை, நந்தனார் பாட்டுத் தட்டுகள். கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் மேடையிலும் தட்டிலும் திரையிலும் ஓடி ஓடிச் சம்பாதித்தன. 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நாடே வாய் பிளந்தது. 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது, எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனார். 'வருகலாமோ' பாட்டு கிராமபோன் வைத்திருந்த வீடுகளின் கூடத்தில் எல்லாம் ஒலித்தது.

அந்த ஆண்டுகளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தது 1939இல், அதாவது இரண்டு படங்களுக்கும் நடுவில். மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு உரிமைச் சட்டம் வந்தது 1947இல். அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியும் அந்த மாகாணத்தில்தான் அடங்கியிருந்தது. 365 படி ஏறி முருகனைப் பார்க்கும் உரிமைக்கு ஒரு சட்டம் தேவைப்பட்ட காலத்தில், "வரலாமா" என்று நந்தன் கெஞ்சும் பாட்டைக் கூடத்தில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டு உருகினார்கள். நந்தன் குரல் கூடம் வரைக்கும் போனது. நந்தன் பேரன் திண்ணையைத் தாண்டியிருக்க முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். நந்தனைப் போகவிடாமல் தடுக்கும் வேதியப் பண்ணையார் பெரியபுராணத்தில் கிடையாது. அந்தப் பாத்திரத்தை உண்டாக்கியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நிலத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவு அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் மூன்று நிமிடத் தட்டுக்காகப் பாட்டை வெட்டி எடுத்தபோது பக்தியும் கண்ணீரும் ஏறின, பண்ணை வயல் வெளியே நின்றுவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தட்டில் ஏறிய எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. தாயி போன்ற தேவரடியார் மரபுப் பெண்கள்தான் தொடக்க காலப் பதிவுகளில் துணிந்து பாடினார்கள். குரல் கெட்டுவிடும், மானம் போய்விடும் என்று மற்றவர்கள் தயங்கிய கருவி அது. அவர்கள் பேர் வாங்கிக் கொடுத்த மேடை, பிறகு அவர்களிடமிருந்தே நழுவியது. சாதி நம்மை மட்டும் அல்ல, பலரையும் பல படிகளில் நிறுத்தி வைத்தது.

தட்டுக்கு அடியில் இருக்கும் கைகள்

78 சுற்றுத் தட்டு எதனால் ஆனது? அரக்கு. குசும், பலாசு, இலந்தை மரங்களில் அரக்குப் பூச்சி விடும் பிசினைச் சுரண்டி எடுப்பது சோட்டா நாக்பூர் ஆதிவாசிகளின் உழைப்பு. அதோடு கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தினால் தட்டு. உலகம் முழுவதும் சுழன்ற தட்டுகளுக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது.

அந்தத் தட்டில் மிருதங்கம் வாசித்த பாலக்காடு மணி ஐயரின் பெயரைச் சேகரிப்பாளர்கள் மரியாதையோடு சொல்வார்கள். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் வேண்டும். தோலைத் தேர்ந்து, பதமாக்கி, வார் இழுத்து, மணி ஐயரின் விரலுக்கு நாதம் ஏற்றிக் கொடுத்தவர் பர்லாந்து. செபாஸ்டியன் குடும்பத்தைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவக் கைவினைஞர். டி.எம். கிருஷ்ணா 2020இல் இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மாட்டுத்தோல் பற்றிய பகுதி பத்திரிகையில் வந்ததும், வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. மிருதங்கம் இல்லாமல் கச்சேரி கிடையாது. அந்த மிருதங்கத்தின் தோலைப் பற்றிப் பேசக் கச்சேரி உலகத்தில் இடம் கிடைக்கவில்லை.

ஆக, சேகரிப்பாளர் கையில் இருக்கும் தட்டில் நம் மக்களும் இருக்கிறார்கள். அரக்காக இருக்கிறார்கள், தோலாக இருக்கிறார்கள், கூலியாக இருக்கிறார்கள். பெயராக மட்டும் இல்லை.

கேசட் திறந்த கதவு

1970களின் பின்பாதியிலும் 80களிலும் கேசட் வந்தது. போனோகிராபுக்குப் பிறகு, சாதாரண மனிதர் தானே பதிந்து தானே கேட்கும் கருவி மீண்டும் கைக்கு வந்தது. அதன் பலன் உடனே தெரிந்தது. சிவகங்கைப் பக்கம் பிறந்த கே.ஏ. குணசேகரன், இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைப் பாடினார். அது கேசட்டில் ஊர் ஊராக, சேரி சேரியாகப் போனது. வடசென்னையில் சாவு வீட்டில் பாடிய கானாவும் கேசட் ஆனது. எந்தக் கம்பெனி மேலாளரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக நின்றன. அந்த மேடைக்கு அடித்தளம் போட்டதில் இந்தக் கேசட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் பாருங்கள், கிராமபோன் தட்டைத் துடைத்து வைக்கும் அக்கறை கேசட்டுக்கு இல்லை. நம் வீடுகளிலேயே இல்லை. டப்பா உடைந்தது, நாடா சிக்கியது என்று குப்பைக்குப் போகிறது. இன்னும் இருபது ஆண்டு கழித்து அதைத் தேடி எந்தச் சந்தையில் குனிவது?

நாம் சேகரிக்க வேண்டியது

அம்பேத்கரின் எழுத்து தொகுதி தொகுதியாக நம்மிடம் இருக்கிறது. ஆனாலும் 1955இல் பி.பி.சி.க்கு அவர் கொடுத்த பேட்டியைக் கேட்கும்போது கிடைப்பது வேறு. எங்கே நிறுத்துகிறார், எங்கே அழுத்துகிறார், எங்கே பொறுமை இழக்கிறார் என்பது காதில்தான் விழும். குரல் மிஞ்சினால் ஆளே மிஞ்சின மாதிரி.

எனவே இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் பறையடித்த தாத்தா, ஒப்பாரி வைக்கும் ஆயா, நடவுப் பாட்டுத் தெரிந்த அத்தை இருப்பார்கள். போனை எடுங்கள். கேட்டுவிட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு பதியுங்கள். பரணில் இருக்கும் மன்றக் கூட்டக் கேசட், திருவிழாக் கேசட்டுகளை வெயில் படாத, காந்தம் இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள், சீக்கிரம் கணினியில் ஏற்றுங்கள். பழைய 78 தட்டு கிடைத்தால் நிமிர்த்தி வையுங்கள். ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். ஒவ்வொரு பதிவையும் ஒன்றுக்கு இரண்டு இடத்தில் வையுங்கள். ஊர், தேதி, எந்தச் சமயத்தில் பாடுவது என்று எழுதி வையுங்கள்.

பதிவுப் பொத்தானை அழுத்தியதும் முதலில் ஒன்று கேளுங்கள்: "ஆயா, உன் பேரு என்னான்னு சொல்லு." பாட்டு அதற்கப்புறம் வரட்டும்.