பிணி தீர்க்கும் கைகளைக் காத்த வரலாறு

வைத்தியசாலை பிணியாளருக்குப் புகலிடம் என்பதை யாவரும் அறிவர். ஆனால் அங்கே பணிபுரிவோருக்கு அது எத்தகைய இடம்? இவ்வினா நெடுங்காலமாக எழுப்பப்படவில்லை. தொண்டு செய்வோர் தம் துன்பத்தைப் பாராட்டலாகாது என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்போரைக் காக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சில நாடுகளில் சட்டங்கள் பிறந்தன. பிணியாளரின் அருகே நிற்போருக்கும் காப்பு வேண்டும் என்பதை உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது. அவ்வுணர்வு வளர்ந்த கதை, மருத்துவரும் தாதியரும் தம் கைகளில் ஏற்ற புண்களில் எழுதப்பட்டிருக்கிறது.

வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவரும் மற்றொன்றில் மருத்துவிச்சியரும் பயின்றனர். மாணவர் பயின்ற பகுதியிலேயே பிரசவச் சுரத்தால் மிகுதியான தாய்மார் மாண்டனர். காரணம் விளங்காது கலங்கியவர்களுள் இளம் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் ஒருவர். 1847ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அவருடைய நண்பரும் பேராசிரியருமாகிய யாக்கோப் கொலெச்கா பிரேத பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலிற் பட்டது. அச்சிறு காயமே அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. நண்பரின் உடலிற் காணப்பட்ட மாற்றங்களும் பிரசவச் சுரத்தால் இறந்த தாய்மாரின் உடல்களிற் காணப்பட்டவையும் ஒன்றே என்பதைச் செம்மல்வைஸ் கண்டார். பிரேத அறையிலிருந்து வரும் கைகளே நஞ்சைச் சுமந்து வருகின்றன என உணர்ந்தார். மே மாதம் முதல், பிரசவப் பகுதிக்குள் நுழைவோர் குளோரின் கலந்த நீரிற் கை கழுவ வேண்டுமென விதித்தார். ஏப்ரில் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் ஜூன் மாதத்தில் இரண்டளவிற்கு இறங்கிற்று. தாய்மாரைக் காத்த அறிவு ஒரு மருத்துவரின் விரற்காயத்திற் பிறந்தது. ஆயினும் பிரேத அறையிற் பணிபுரிந்தோரின் விரல்கள் முன்போலக் காப்பின்றியே இருந்தன.

பின்னர்க் கிருமிகள் பற்றிய அறிவு வளர்ந்தது. கிருமிநாசினிகள் சத்திரசிகிச்சை அறைக்குள் வந்தன. பிணியாளரைக் காத்த அம்மருந்துகள் தாதியரின் தோலை அரித்தன. அமெரிக்காவிலே பால்ரிமோர் நகரில் 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், சத்திரசிகிச்சை அறையின் தலைமைத் தாதியாகக் கரோலைன் ஹம்ரன் பணியாற்றினார். மேர்க்குரிக் குளோரைட்டுக் கரைசலில் நாடோறும் கைகளை அமிழ்த்தியமையால் அவர் கைகள் புண்பட்டன. சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்ரெட் குட்இயர் இறப்பர் கம்பனியிடம் மெல்லிய கையுறைகளைச் செய்வித்து அத்தாதிக்கு அளித்தார். 1890ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்தனர்.

இக்கதையைக் காதற்கதையாகவே பலர் கூறுவர். அதனிலும் பெரிய உண்மை ஒன்று அதில் உண்டு. அக்கையுறை பிணியாளருக்காகத் தோன்றியதன்று. தொழிலாளி ஒருவரின் கைகளைக் காக்கத் தோன்றியது. அதனைப் பிறரும் அணியத் தொடங்கினர். ஹால்ஸ்ரெட்டின் மாணவர் யோசப் பிளட்குட் தாம் சத்திரசிகிச்சை செய்யும்போதெல்லாம் கையுறை அணிந்தார். நானூற்றைம்பதுக்கு மேற்பட்ட குடலிறக்கச் சிகிச்சைகளை ஆராய்ந்து, புண் சீழ்ப்பிடித்தல் பெரிதுங் குறைந்தமையை 1899ஆம் ஆண்டில் வெளியிட்டார். பணியாளருக்குச் செய்த காப்பு பிணியாளருக்கும் காப்பாயிற்று.

மூன்றாவது ஆபத்து கண்ணுக்குப் புலப்படாதது. 1895ஆம் ஆண்டில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அது விரைவில் வைத்தியசாலைகளை அடைந்தது. கதிர்க்குழாய் நன்கு இயங்குகின்றதா என்பதை அறிய, அதனை இயக்குவோர் தம் கையையே கதிரின் முன் நீட்டிப் பார்த்தனர். முதலிற் கை சிவந்தது, பின் ஆறாப் புண்ணாயிற்று, ஈற்றிற் புற்றுநோயாயிற்று. பிலடெல்பியா வைத்தியசாலையின் கதிர்ப்பகுதித் தலைவர் மிஹ்ரான் கசாபியன் தம் கைகள் அழிவதைத் தாமே படம்பிடித்துப் பதிந்து வைத்தார். நாற்பது வயதை எட்டுமுன்பே, 1910ஆம் ஆண்டில், அவர் உயிர் துறந்தார்.

இவ்வாறு மாண்டோரை உலகம் தியாகிகள் எனப் போற்றியது. 1936ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், ஒரு வைத்தியசாலை வளவில், அவர்களுடைய பெயர்கள் பொறித்த நினைவுக்கல் நாட்டப்பட்டது. போற்றுதல் தகும்; ஆனால் அது எவர் கையையும் காவாது. காத்தவை விதிகளே. 1921ஆம் ஆண்டில் பிரித்தானியக் குழு ஒன்று, கதிர்ப்பணி நாளொன்றுக்கு ஏழு மணித்தியாலத்தை மீறலாகாது, ஈயத் தடுப்பு இருத்தல் வேண்டும், ஆண்டுதோறும் ஒரு மாத விடுமுறை வேண்டும் என வகுத்தது. 1977ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனம் தாதியருக்கெனத் தனி உடன்படிக்கை செய்தது. தொழிற் பாதுகாப்புச் சட்டங்கள் அவர்தம் பணியின் தன்மைக்கேற்பத் திருத்தப்படல் வேண்டும் என அது கூறிற்று. ஊசிக் காயத்தால் ஈரல் அழற்சியும் எயிட்ஸும் தொற்றக்கூடும் என்பது தெளிவான பின், 2000ஆம் ஆண்டில், பாதுகாப்பான ஊசிகளை வழங்குதல் தொழில் கொள்வோரின் கடன் என அமெரிக்கா சட்டம் இயற்றியது.

கொலெச்காவின் விரலை வெட்டிய கத்திக்கும் இன்றைய ஊசிக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. கருவிகள் மாறின, ஆபத்து மாறவில்லை. சேவையின் பெருமையைக் கூறித் தாதியின் கையுறையை மறுப்பது அறமாகாது. அவள் கையைக் காப்பவர், அந்தக் கை தொடவிருக்கும் பிணியாளரையும் காப்பவராவர்.