அம்மாவிடம் ஓடும் குழந்தை: வலிப்பு நோயின் வரலாற்றில் சில பக்கங்கள்



அம்மை நோயின் வரலாறு பற்றி எழுதிய பதிவைப் படித்துவிட்டு, "வலிப்பு பற்றியும் எழுதுங்கள் சார்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவன் அல்ல, வரலாற்று வாத்தியார். அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கி.மு. 400ஐ ஒட்டிக் கிரேக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதப்பட்டது. பெயர் 'புனித நோய்'. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களில் அதுவும் ஒன்று. வலிப்பு என்பது தெய்வம் கொடுப்பது என்று அன்று ஊரே நம்பியது. மந்திரிப்பவர்களுக்கும் பரிகாரம் சொல்பவர்களுக்கும் நல்ல வருமானம். அந்த நூலை எழுதியவரோ, மற்ற நோய்களைப் போல இதுவும் ஒரு நோய்தான், இது மூளையிலிருந்து வருகிறது என்றார். வைத்தியம் தெரியாதவர்கள் தங்கள் அறியாமையை மறைக்கத்தான் தெய்வத்தை இழுக்கிறார்கள் என்றார். ஆட்டுக்கும் இந்த நோய் வருகிறதே, அதன் தலையைத் திறந்து பாருங்கள் என்றும் எழுதினார்.

அந்த நூலில் என்னை மிகவும் பாதித்த இடம் வேறு. நோய் பழகிப்போன பெரியவர்களுக்கு வலிப்பு வரப்போவது முன்கூட்டியே தெரியுமாம். உடனே வீட்டுக்கு ஓடுவார்கள். வீடு தூரமென்றால் ஆள் இல்லாத இடம் தேடி ஓடித் தலையை மூடிக்கொள்வார்கள். தெய்வத்துக்குப் பயந்து அல்ல, வெட்கத்தால் என்கிறார் ஆசிரியர். சின்னக் குழந்தைகள் அப்படிச் செய்வதில்லை. வரப்போவது தெரிந்தால் அம்மாவிடம் ஓடுகின்றன. ஏனென்றால் வெட்கப்பட இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய கவனிப்பு இது. நோய் உடம்போடு வருகிறது, வெட்கத்தை ஊர் சொல்லிக்கொடுக்கிறது.

அடுத்து ரோமப் பேரரசுக்கு வருவோம். 2ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய லிபியாவில் உள்ள சப்ராதா நகரில் ஒரு வழக்கு. அபுலேயஸ் என்ற எழுத்தாளர் மந்திரம் வைத்ததாகக் குற்றச்சாட்டு. அதில் ஒன்று, அவர் முன்னால் ஓர் அடிமைச் சிறுவன் மயங்கி விழுந்தான் என்பது. அது என் மந்திரம் அல்ல, அந்தப் பையனுக்கு வலிப்பு நோய், அவனுக்குத் தேவை வைத்தியர் என்று அவர் வாதாடினார். பேச்சோடு பேச்சாக ஒரு செய்தியும் சொன்னார். அடிமைச் சந்தையில் ஒருவகைக் கருங்கல்லைச் சுட்டுப் புகை காட்டி, இந்த நோய் இருக்கிறதா என்று சோதிப்பார்களாம். குயவரின் சக்கரம் சுழல்வதைப் பார்த்தாலும் வலிப்பு வரலாம் என்கிறார். வலிப்பைத் தூண்டும் காரணங்கள் உண்டு என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த அறிவு நோயாளிக்குப் பயன்படவில்லை. சரக்கில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வியாபாரிக்குத்தான் பயன்பட்டது.

நம் பக்கம் பாருங்கள். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை இதை 'அபஸ்மாரம்' என்கிறது. நினைவு தப்புவது என்று பொருள். நடராசர் காலடியில் கிடக்கிறானே முயலகன், அவனுக்கும் வடமொழியில் அதே பெயர்தான். தமிழில் நோய்க்கே 'முயலகன்' என்று பெயர் உண்டு. கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளை இந்த நோய் வருத்த, திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள திருப்பாச்சிலாச்சிராமக் கோயிலில் அவளைக் கிடத்தியிருந்தார்கள் என்றும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி நோய் தீர்த்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. இன்று திருவாசி என்கிறோமே, அந்த ஊர்தான். போனால் பாருங்கள், அங்கே நடராசர் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது. அரசன் வீட்டுப் பெண்ணுக்கும் வந்த நோய் இது.

பிறகு நம் ஊரின் சாவிக்கொத்து வைத்தியம். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். யாரோ ஓடிப்போய் இரும்புச் சாவியைத் தேடி எடுத்துவந்து கையில் திணிப்பதற்கும், வலிப்பு அடங்குவதற்கும் நேரம் சரியாக இருக்கும். பேர் சாவிக்குப் போய்விடும்!

உண்மையில் பலன் தந்த மருந்து 1857இல்தான் வெளியே தெரிந்தது. லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக், பொட்டாசியம் புரோமைடு கொடுத்துப் பலன் கண்டதைச் சொன்னார். 1912இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர் பினோபார்பிட்டால் மருந்தின் பலனைக் கண்டார். நம் ஊரில் கார்டினால் மாத்திரை என்பார்களே, அது. 1938இல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் இருவரும் ஃபெனிட்டாயினைக் கொண்டுவந்தார்கள். உங்களில் பலருக்கு அது எப்டாயின் என்றால்தான் தெரியும். இன்று இன்னும் பல மருந்துகள் உண்டு. மருந்தை ஒழுங்காக எடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மருந்து வந்ததால் வெட்கம் போய்விட்டதா? இல்லை. ஹாப்ட்மன் மருந்து கண்ட அதே ஜெர்மனியில், 1933இல் ஹிட்லர் அரசு ஒரு சட்டம் போட்டது. பரம்பரை வலிப்பு என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை. யூதரான ஹாப்ட்மனையும் 1938இல் டாக்காவ் முகாமில் அடைத்தார்கள். பிறகு அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

நம் நாட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் ஒரு திருத்தம் செய்தார்கள். திரும்பத் திரும்ப வலிப்பு வருபவரின் திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம் என்று ஆயிற்று. மனநோயோடு சேர்த்து எழுதப்பட்ட அந்த ஒரு சொல்லை எடுக்க 23 ஆண்டுகள் ஆயின. 1999இல்தான் வலிப்பு என்ற சொல் சட்டத்திலிருந்து நீங்கியது. இன்று வலிப்பு நோய் திருமணத்துக்குச் சட்டப்படித் தடை அல்ல.

சட்டத்திலிருந்து போனது, மனதிலிருந்து போகவில்லை. பழைய மாணவி ஒருத்தி அண்மையில் போனில் பேசினாள். மகளுக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையால் பல வருடமாக ஒன்றும் இல்லை. வரன் பார்க்கிறார்கள். "தாலி ஏறும்வரை வாயைத் திறக்காதே" என்கிறார்களாம் சொந்தக்காரர்கள். "என்ன சார் செய்ய?" என்று கேட்டாள்.

"சொல்லிவிடு அம்மா" என்றேன். மறைத்துச் செய்தால் அதுவே பிறகு வழக்காகலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வலிப்பைத் தூண்டுபவை என்னென்ன என்று டாக்டர்களைக் கேளுங்கள். முதலில் சொல்வது மாத்திரையை விடுவது. அடுத்து தூக்கம் கெடுவது. பிறகு காய்ச்சல், மது, மன உளைச்சல். சில பெண்களுக்கு மாதவிலக்கு நாட்கள். இப்போது நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். முந்தின நாள் வரவேற்பில் நள்ளிரவு வரை நிற்க வேண்டும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கே எழ வேண்டும். புது வீட்டில் மாத்திரையை எங்கே ஒளிப்பது, யார் பார்க்காதபோது விழுங்குவது என்று தவிப்பு. இரண்டு வேளை விட்டுப்போனால் போதும். மறைப்பதே வலிப்பை வரவழைத்துவிடும்.

தூண்டும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. தலையில் சொம்பு சொம்பாக வெந்நீர் ஊற்றினால் சிலருக்கு வலிப்பு வரும். இந்த வகை நம் தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகம். பெங்களூர் மருத்துவர் கே.எஸ். மணியும் உடனிருந்தவர்களும் 1968இலேயே இதை எழுதினார்கள். சூட்டைக் குறைத்து, எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றாமல் குளித்தாலே பலருக்குக் குறையும். ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சியால் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் வலிப்பு உள்ள எல்லோருக்கும் மின்னும் ஒளி ஆகாது என்பதில்லை. சிலருக்கு மட்டும்தான்.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். வலிப்பு வந்த நாள், நேரம், முந்தின இரவுத் தூக்கம், மாத்திரை எடுத்ததா, என்ன சாப்பிட்டது, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். அன்று அடிமை வியாபாரி கையில் இருந்த அறிவு, இன்று நோயாளியின் கையில் இருக்கட்டும். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது. பெண் பிள்ளைகள் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும்.

பக்கத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் சாவி தேடாதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ, முதல்முறை வலிப்பு என்றாலோ 108ஐ அழையுங்கள். தெளியும்வரை கூடவே இருங்கள். கூட்டம் சேரவிடாதீர்கள். எழுந்ததும் "ஒன்றுமில்லை, நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

மருந்து பற்றிய கேள்விகளை டாக்டரிடம் கேளுங்கள். வரலாற்றுக் கேள்விகளைக் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் வரன் பேசும் பெரியவர்களுக்கு இந்தப் பதிவை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.