பெரிய கேமராவா, சின்னக் கேமராவா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

1988-இல் நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் போன வாரம் போன் செய்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் விடுகிறேன். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், கேமரா கேட்கிறாள். கடைக்காரர் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டைக் காட்டியிருக்கிறார். ஒன்று லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமரா, டிஎஸ்எல்ஆர், அதில் ஆரம்ப நிலை மாடல். இன்னொன்று பைக்குள் போட்டுக்கொள்கிற சின்னக் கேமரா. "எது வாங்கறது டீச்சர்? எங்கள முதமுதல்ல போட்டோ எடுத்தது நீங்கதானே" என்றார்.

"மொபைல் இருக்கேப்பா" என்றேன்.

"அதுல ஆயிரக்கணக்குல எடுத்து வச்சிருக்கா டீச்சர். ஒண்ணையும் திரும்பிப் பாக்கறதில்ல."

போனில் ஏதோ பதில் சொல்லி வைத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் இந்தக் கேள்வி நூற்று ஐம்பது வருஷத்துக்கும் மேற்பட்டது. வரலாறு பாடம் நடத்திய பழக்கம் விடாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1839-இல் பாரிசில் டாகேர் என்பவரின் படம் பிடிக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்தார்கள். இருபது வருஷத்துக்குள் கேமரா தஞ்சாவூருக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் லினேயஸ் டிரைப், மதராஸ் ராணுவ அதிகாரி. 1856-இல் மாகாண அரசு அவரைத் தன் போட்டோகிராபராக நியமித்தது. 1857 டிசம்பரில் புறப்பட்டு மறு வருஷம் ஏப்ரல் வரை ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். போனது மாட்டு வண்டிகளில். கேமரா, ஸ்டாண்டு, தட்டுகள், மருந்துக் குப்பிகள், மெழுகு பூசிய தாள்கள் எல்லாம் வண்டியில்.

ஏன் அவ்வளவு பெரிய கேமரா? அந்தக் காலத்தில் படத்தைப் பெரிதாக்குவது நடைமுறையில் இல்லை. நெகட்டிவ் எந்த அளவோ படமும் அதே அளவு. ஒன்றேகால் அடி அகலத்தில் படம் வேண்டுமென்றால் ஒன்றேகால் அடி அகலத்தில் தாள் வேண்டும், அந்தத் தாளை விழுங்குகிற பெட்டியும் வேண்டும்.

அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் பெரிய கோயிலில் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியில் சுற்றிலும் கல்வெட்டு ஓடுகிறதல்லவா, அதைத் துண்டு துண்டாகப் பிடித்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே சுருளாக்கினார். ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சில் வெளியிடத் தொடங்கியது 1891-இல். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே எழுத்துகள் தாளில் ஏறிவிட்டன.

ஆனால் டிரைப்பின் படங்களில் மனிதர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெழுகுத் தாளில் வெளிச்சம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். கல் அசையாமல் நிற்கும், ஆள் நிற்பாரா? வெறிச்சோடிய பிராகாரங்களாகவே இருக்கும். செலவும் கட்டுப்படியாகவில்லை. 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் கணக்கைப் பார்த்தார். அரசுக்கு இது ஆடம்பரம் என்று சொல்லி அந்த வேலையை நிறுத்திவிட்டார். பெரிய கேமராவுக்கு அன்றைக்கு வந்த கேள்வி இன்றைக்கும் வருகிறது: படம் அருமை, தூக்குவது யார், செலவு யார் பார்ப்பது?

1888-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் என்று ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தார். விலை 25 டாலர், உள்ளே நூறு படத்துக்கான பிலிம். முடிந்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கழுவி, படம் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். 1900-இல் பிரவுனி வந்தது, ஒரு டாலர்தான், சிறுவர்களும் வாங்கலாம். போட்டோ எடுக்கத் தெரிந்த பெரியவர்கள் சிரித்தார்களாம். பொம்மை என்று. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, படம் சுமார்தான். ஆனால் வீட்டுக்குள் நடப்பதை வீட்டு ஆளே எடுக்கத் தொடங்கியது அப்போதுதான்.

படமும் நன்றாக வர வேண்டும், பையிலும் அடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஆஸ்கர் பார்னாக். ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில் லைட்ஸ் என்ற மைக்ராஸ்கோப் கம்பெனியில் வேலை. அவருக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தட்டுகளோடு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினால் மூச்சு இரைக்கும். சினிமா பிலிமை எடுத்தார். சினிமாவில் ஒரு கட்டம் 18க்கு 24 மில்லிமீட்டர். இரண்டு கட்டத்தைச் சேர்த்து 24க்கு 36 ஆக்கினார். நெகட்டிவ் சின்னது, படத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். இன்றைக்கு விலை உயர்ந்த கேமராக்களில் 'ஃபுல் ஃபிரேம்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது இந்த 24க்கு 36தான். ஆஸ்துமாக்காரர் போட்ட அளவு.

முதல் மாதிரி முதல் உலகப் போருக்குச் சற்று முன் தயாரானது. பிறகு போர், பணவீக்கம். கம்பெனிக்குள் பலர் வேண்டாம் என்றும், முதலாளி 1924-இல் துணிந்து செய்வோம் என்றார். 1925-இல் லைப்சிக் சந்தையில் லைக்கா விற்பனைக்கு வந்தது.

இந்த இரண்டு வகைக் கேமராவும் நம் நாட்டில் ஒரே இடத்தில் எதிரெதிராக நின்றதுண்டு, காந்தியின் முன்னால்.

காந்திக்குக் கேமராவைக் கண்டால் ஆகாது. அவருக்குப் பேரன் முறையான கனு காந்தி படம் எடுக்க ஆசைப்பட்டபோது மூன்று நிபந்தனை போட்டார். ஃபிளாஷ் கூடாது, போஸ் கொடுக்கச் சொல்லக் கூடாது, ஆசிரமப் பணம் கிடையாது. ஜி.டி. பிர்லா கொடுத்த நூறு ரூபாயில் கனு ஒரு ரோலைஃபிளெக்ஸ் வாங்கினார். குனிந்து பார்த்து எடுக்கிற கேமரா, முகத்துக்கு நேரே நீட்ட வேண்டியதில்லை. கடைசிப் பத்து வருஷ காந்தியை வீட்டுப் பிள்ளை எடுத்த மாதிரி நாம் பார்க்க முடிவது அதனால்தான்.

1946-இல் அமெரிக்க 'லைஃப்' பத்திரிகைக்காக மார்கரெட் பூர்க்-வைட் வந்தார். பெரிய கேமரா, ஃபிளாஷ் பல்பு. முதலில் ராட்டை சுற்றக் கற்றுக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். கற்றுக்கொண்டார். மூன்று பல்புக்கு மட்டும் அனுமதி. முதல் இரண்டும் சரிப்படவில்லை, மூன்றாவதில் படம் விழுந்தது. ராட்டைக்குப் பின்னால் காந்தி அமர்ந்து படிக்கிற அந்தப் படம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதன் துல்லியம் பெரிய கேமராவின் கொடை, மறுக்க முடியாது.

1948 ஜனவரி 30 அன்று ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் டெல்லியில் காந்தியைச் சந்தித்துவிட்டு வெளியே வந்தார். சற்று நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அவரிடம் இருந்தது லைக்கா, அதன் பளபளப்பு தெரியாதபடி கறுப்பு டேப் ஒட்டி வைத்திருப்பாராம். பூர்க்-வைட்டும் வந்தார். உடல் கிடத்தப்பட்டிருந்த அறைக்குள் அவருடைய ஃபிளாஷ் வெடித்தது. துக்கத்தில் இருந்தவர்கள் கொதித்துப்போய்க் கேமராவை வாங்கிப் பிலிமை எடுத்துவிட்டார்கள். அதே வீட்டில் பிரெஞ்சுக்காரர் ஓசையில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அன்று இரவு வாசலில் நின்று நேரு மரணத்தைச் சொல்கிறாரே, அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். தெரு விளக்கு ஒன்று, இருட்டு, கலங்கலான முகங்கள். இன்றைய கடைக்காரர் அதைப் பார்த்தால் 'ஷார்ப் இல்லையே' என்பார்.

சின்னதுதான் எப்போதும் ஜெயித்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர், புடவை கட்டிக்கொண்டு சைக்கிளில் ஸ்பீடு கிராஃபிக் என்ற பாரமான கேமராவோடு டெல்லி முழுக்கச் சுற்றினார். தூக்க மனசு இருப்பவருக்குப் பாரம் ஒரு பொருட்டில்லை.

சின்னக் கேமராவுக்கு இன்னொரு குறை இருந்தது. நாம் பார்க்கும் துவாரம் ஒன்று, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. கிட்டப்போனால் இரண்டும் ஒத்துப்போகாது. நான் எடுத்த பழைய படங்களில் தலை வெட்டுப்பட்டவர்கள் சாட்சி. லென்ஸ் வழியாக வருவதையே ஒரு கண்ணாடியில் திருப்பிக் கண்ணுக்குக் காட்டினால்? அதுதான் எஸ்எல்ஆர். 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு ஜெர்மனியில் 1936-இல் எக்சாக்டா, பிறகு ஜப்பானில் 1959-இல் நிக்கான் எஃப். பட்டனை அமுக்கியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடும். 'டப்' என்று கேட்கிற சத்தம் அதுதான். 1991-இல் கோடாக் கம்பெனி நிக்கான் உடலில் டிஜிட்டல் கருவியைப் பொருத்தி விற்றபோது, படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியாகத் தொங்கவிட வேண்டியிருந்தது. மறுபடி மாட்டு வண்டி! 2003-இல் கேனான் 300டி ஆயிரம் டாலருக்குக் கீழே வந்தபோதுதான் டிஎஸ்எல்ஆர் நம் போன்றவர்கள் ஆசைப்படும் பொருளானது.

ஏன் பெரியதில் படம் நன்றாக வருகிறது? முற்றத்தில் மழை பெய்கிறது. அண்டாவையும் டம்ளரையும் வைக்கிறீர்கள். அதே மழைதான், அண்டாவில் சேர்வது அதிகம். ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆரில் வெளிச்சத்தை வாங்கும் தகடு சுமார் 22க்கு 15 மில்லிமீட்டர். சாதாரணச் சின்னக் கேமராவில் சுமார் 6க்கு நாலரை. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், பன்னிரண்டு மடங்கு வரும். வெயிலில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கல்யாண மண்டபத்தில், மாலை மங்கலில் சின்னது புள்ளி புள்ளியாகக் கொட்டும். இடையில் 'ஒரு இன்ச்' தகடு என்ற வகை உண்டு, 13.2க்கு 8.8. சின்னது வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். அதற்கும் சிறிய தகடு என்றால் கையில் இருக்கும் மொபைலே போதும்.

இனி என் கதை. ஓய்வுபெற்ற பணம் வந்ததும் மகன் பேச்சைக் கேட்டு டிஎஸ்எல்ஆர் வாங்கினேன். ஆறு மாதம் தோட்டத்துத் தேன்சிட்டு, செம்பருத்தி எல்லாம் எடுத்தேன். அப்புறம் தோள் வலி. லென்ஸோடு அரைக் கிலோவுக்கு மேல், பையோடு இன்னும் அதிகம். ஈரம் படக்கூடாது என்று துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். பெரியக்கா எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்து பத்து நாள் தங்கியது அப்போதுதான். கடைசி என்று யாருக்குத் தெரியும்? பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, அப்பா சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். போய்க் கேமராவை எடுத்தேன். பேட்டரி செத்திருந்தது. சார்ஜ் ஏறட்டும், நாளைக்கு நல்ல வெளிச்சத்தில் நிதானமாக எடுக்கலாம் என்று வைத்துவிட்டேன். அன்று தங்கை மகள் தன் ஹேண்ட்பேகிலிருந்து ஒரு பழைய சின்னக் கேமராவை எடுத்து ஒரு படம் பிடித்தாள். கை கலங்கியிருக்கிறது, கீரை இருந்த முறம் பாதிதான் விழுந்திருக்கிறது. அக்கா வீட்டுக் கூடத்தில் மாலையோடு இருப்பது அந்தப் படம். உறவுகள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் எடுத்தது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். நான் இல்லை.

ஆகவே தம்பி, மகளிடம் என்ன எடுக்கப் போகிறாய் என்று கேளுங்கள். வேடந்தாங்கல் பறவை, கோயில் சிற்பம், மேடை நடனம் என்றால் பெரியதை வாங்கிக் கொடுங்கள், ஒரு நல்ல லென்ஸுக்கும் பணம் ஒதுக்குங்கள். விடுதித் தோழிகள், பஸ் பயணம், உங்கள் அம்மா அடுப்படியில் நிற்பது என்றால் ஒரு இன்ச் தகடுள்ள சின்னது. அவள் சொல்லத் தெரியாமல் விழித்தாலும் சின்னதே. என் ஓட்டு அதற்கு. செகண்ட் ஹேண்டில் டிஎஸ்எல்ஆர் வேண்டுமென்றால் என் பீரோவில் ஒன்று சும்மா இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு விஷயம். 1988 தஞ்சாவூர் சுற்றுலாவில் என் தம்பியிடம் இரவல் வாங்கிப்போன ஆக்ஃபா கிளிக் 3-இல் மொத்தமே பன்னிரண்டு படம். அதில் ஒன்று பெரிய கோயில் விமானத்தின் அடியில் உங்கள் வகுப்பு முழுக்க நிற்பது. டிரைப் பிடித்த அதே கல்வெட்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறது. ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாது. உங்கள் முகம் எல்லாம் தெரிகிறது. நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேருக்குப் பெயர் எழுதிவிட்டேன். மேல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் பையன், அவனுக்குப் பக்கத்தில் பெல்ட்டில்லாத டவுசரைப் பிடித்துக்கொண்டு நிற்பவன், கீழே ஓரத்தில் இரட்டைப் பின்னலோடு வேறு பக்கம் பார்க்கும் பெண். இந்த மூன்று பேரும் யார்? படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.