வெஸ்க்: ஒரு திறந்த கருவியின் சிறு வரலாறு

மின்சறுக்குப் பலகையைத் தாமே கட்டியோர் தொடக்கத்தில் ரேடியோ பொம்மைக் கார்களுக்கும் விமானங்களுக்கும் உரிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளையே பொருத்தினர். உணரியற்ற அக்கருவிகள், மோட்டார் சுழலும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தைக் கொண்டு சுழலியின் நிலையை அறிந்தன. நின்ற நிலையில் அவ்வழுத்தம் எழாது. ஆதலால் புறப்பாடு தடுமாறியது. பொம்மைக்கு அது சிறு குறை. பலகைமேல் நிற்பவருக்கோ விழுவதற்கான காரணம்.

2015இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பெஞ்சமின் வெட்டர் ‘வெஸ்க்’ கருவியின் சுற்று வரைபடத்தையும் மென்பொருளையும் திறந்த உரிமத்தில் வெளியிட்டார். அது மின்னோட்டத்தை அளந்து ஆண்டது. மோட்டாரின் முறுக்குவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது; எனவே முடுக்கமும் பிரேக்கும் சீராயின. ஹால் உணரிகளை இணைத்தால் புறப்பாட்டுத் தடுமாற்றமும் நீங்கியது.

திறந்த அறிவு பொறுப்பையும் கைமாற்றியது. தொடக்க வடிவத்தின் உச்ச வரம்பு 60 வோல்ட். தொடராக இணைத்த 12 லித்தியம் மின்கலங்கள் முழு மின்னேற்றத்தில் தருவது 50.4 வோல்ட். அதற்கு மேல் அடுக்கினால் பாதுகாப்பு இடைவெளி குறுகும். பிரேக் பிடிக்கையில் மின்னோட்டம் மின்கலத்துக்கே திரும்பும். அதன் வரம்பையும் பொருத்துபவரே குறித்தாக வேண்டும். முன்பு தொழிற்சாலை மறைவில் எடுத்த முடிவுகள் இன்று பயனரின் மேசைக்கு வந்துள்ளன. தொழில்நுட்பச் சனநாயகத்தை ஆராய்வோர் இவ்விலையையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.