எழும்பூர் மாளிகையும் சத்தியவேட்டுக் கல்லும்

சென்னை எழும்பூரில், அருங்காட்சியக வளாகத்தினுள்ளே, இளஞ்சிவப்பு நிறமுடைய மாளிகையொன்று நிற்கின்றது. தேசியக் கலைக்கூடம் என்பது அதன் பெயர். அதைக் கண்டு வியப்போர் பலர். அதன் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் சிலர். கங்காதர நெல்லூர் முதலிய சித்தூர்ப் பகுதி நேயர்களுக்கு அதன் விடை உவப்பளிக்கும். அவர்களுக்குக் கிழக்கேயுள்ள சத்தியவேட்டிலிருந்து சென்ற கல் அது.

விக்டோரியா அரசியார் 1901-இல் மறைந்தார். அவர் நினைவாக எழுந்த இம்மண்டபத்திற்கு, ஏழாம் எட்வர்டு மன்னரின் மைந்தரான வேல்ஸ் இளவரசர் 1906-இல் அடிக்கல் நாட்டினார். 1909-இல் அது திறக்கப்பெற்றது. வரைந்தவர் ஹென்றி இர்வின். கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். சென்னை உயர்நீதிமன்றத்தை எழுப்பியதிலும் இவ்விருவருக்கும் பங்குண்டு.

அந்த நீதிமன்றம் செங்கல்லால் ஆயது. சென்னைக் கொத்தர் கைக்குப் பழகியவை செங்கல்லும் சுண்ணக்காரையுமே. ஆனால் எழும்பூரில் இர்வின் கருதியது வேறு. பதேபூர் சிக்ரியில் அக்பர் எழுப்பிய புலந்து தர்வாசாவின் சாயலை, விண்ணோக்கிய பெருவளைவை, இங்கே முகப்பாக நிறுத்தினார். சிக்ரியின் அழகு அவ்வூர்ச் செம்மணற்கல்லின் அழகு. செங்கல்லில் அதனைக் காட்டுதல் அரிது. நம் கோயில்களின் கருங்கல்லோ உளிக்கு எளிதில் இணங்காது. சத்தியவேட்டு மணற்கல் இணங்கும். இரும்புச் சத்தின் சாயலால் அதற்கு இயல்பாகவே செம்மை உண்டு. மொகலாயக் கற்பனைக்கு உரிய கல் நம் பக்கத்திலேயே கிடைத்தது இர்வினின் நற்பேறு என்றே நாம் சொல்லுவோம்.

அக்காலத்தில் சத்தியவேடு செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபொழுது திருத்தணி சென்னை இராச்சியத்திற்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. கல் இப்பால் நிற்க, அது பிறந்த மண் அப்பால் நிற்கின்றது.

1951-இல் கலைக்கூடமான இம்மண்டபம், உறுதி குன்றியமையால் 2002-இல் மூடப்பட்டது. இத்தகைய கட்டடத்தைப் பழுது பார்ப்பது எளிய காரியமன்று. சுண்ணத்தை விடுத்துச் சிமெண்டு பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லிலேயே தங்கும். நாளடைவில் மேற்பரப்பு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் வைக்க வேறு கல்லைத் தேடினால் நிறம் பொருந்தாது, மழையை உறிஞ்சும் தன்மையும் பொருந்தாது. அதற்கு இனமான கல்லைத் தேடுவோர் மீண்டும் சத்தியவேட்டுப் பாறைகளையே நோக்க வேண்டும்.