எரிவாயுக் கணப்படுப்பின் கண்ணாடிப் பாதுகாப்பு

எரிவாயுக் கணப்படுப்பு என்பது குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்க, விறகுக்குப் பதிலாக இயற்கை எரிவாயு அல்லது புரொப்பேனை எரிக்கும் சாதனம் ஆகும். வட அமெரிக்காவில் இது பரவலாகப் பயன்படுகிறது. இதன் முகப்புக் கண்ணாடி 200 °செ-க்கும் மேல் சூடேறக்கூடும். ஆகவே தொட்டவுடன் கடும் தீப்புண் உண்டாகும்.

கண்ணாடியின் பணி

நேரடிப் புகைபோக்கி கொண்ட வகையில், ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு குழாய்கள் உள்ளன. வெளிக்குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது. உட்குழாய் வழியே கழிவு வளிமங்கள் வெளியேறுகின்றன. இறுக மூடிய கண்ணாடி, கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வளிமங்கள் அறைக்குள் புகாமல் தடுக்கிறது. எனவே கண்ணாடியை அகற்றியோ, விரிசலுடனோ அடுப்பை எரித்தல் கூடாது. இதற்குப் பதப்படுத்திய கண்ணாடி அல்லது செராமிக் கண்ணாடி பயன்படுகிறது.

தீப்புண் இடர்

* சூடான கண்ணாடியும் குளிர்ந்த கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும்.
* ஏற்றிய சில நிமிடங்களிலேயே கண்ணாடி சூடேறும். அணைத்த பின் ஆறுவதற்கு முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.
* நடை பழகும் குழந்தைகள் சுடரால் ஈர்க்கப்பட்டோ, தடுமாறியோ கண்ணாடியில் கையூன்றுவர். அவர்களது தோல் மெல்லியது. கையை உடனே விலக்கவும் அறியார். இதனால் உள்ளங்கையும் விரல்களுமே பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

சீர்தரம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பின்பற்றப்படும் சீர்தரங்களின்படி, 2015 சனவரி 1 முதல் உற்பத்தியாகும் கணப்படுப்புகளில் கண்ணாடியின் வெப்பநிலை 172 °பா-ஐ (ஏறத்தாழ 78 °செ) மீறுமாயின், பாதுகாப்புத் தடுப்பு இணைத்தே விற்கப்பட வேண்டும். அதற்கு முன் நிறுவப்பட்டவற்றில் பலவற்றுக்குத் தடுப்பு இல்லை.

பாதுகாப்பு முறைகள்

* வலைத்திரை: கண்ணாடிக்கு முன் இடைவெளி விட்டுப் பொருத்தப்படும் மெல்லிய உலோக வலை. இதுவும் சூடேறும், ஆயினும் கண்ணாடியைத் தொடவிடாது. உற்பத்தியாளர் அந்த மாதிரிக்கெனப் பரிந்துரைத்த திரையையே பொருத்த வேண்டும்.
* தடுப்பு வேலி: குழந்தைகள் நெருங்காவண்ணம் அடுப்பைச் சுற்றிச் சுவரில் பிணைக்கப்படும் வேலி.
* இரட்டைக் கண்ணாடி: சில மாதிரிகளில் இரு கண்ணாடிகளுக்கிடையே காற்று செல்வதால் வெளிக்கண்ணாடியின் வெப்பம் குறைகிறது.
* வழிகாட்டிச் சுடர்: முதன்மைச் சுடர் அணைந்தாலும், தொடர்ந்து எரியும் இச்சிறு சுடர் கண்ணாடியைச் சூடாக வைத்திருக்கக்கூடும். பயன்படுத்தாத காலத்தில் இதனையும் அணைத்துவிடுதல் நன்று.

கண்ணாடியைக் குளிர்விக்க அதன்மீது நீர் தெளித்தல் கூடாது, உடைந்துவிடக்கூடும். முற்றிலும் ஆறிய பின்னரே துடைக்க வேண்டும். அமோனியா கலந்த துப்புரவு நீர்மங்களைத் தவிர்க்க வேண்டும்.

முதலுதவி

சுட்ட இடத்தை ஓடும் குளிர்நீரில் 20 நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும். பனிக்கட்டி, வெண்ணெய், பற்பசை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். குழந்தையின் கையில் தீப்புண் ஏற்பட்டால் மருத்துவரை நாடுதல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* கணப்படுப்பு
* தீப்புண்
* கார்பன் மோனாக்சைடு