மிளகாய் வருமுன் வைத்த குழம்பு

தில்லி கரோல்பாகிலோ மும்பை மாதுங்காவிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் முன்னோர் திதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று அடுக்களையின் போக்கே வேறு. பல வீடுகளில் அன்று மிளகாய்க்கு இடமில்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் ஆகியவையும் கூடையிலேயே கிடக்கின்றன. மிளகும் சீரகமும் வறுபடுகின்றன. வாழைக்காயும் பாகற்காயும் அரியப்படுகின்றன. ராஜ்மாவுக்குப் பழகிய பிள்ளைகள் காரணம் வினவுகிறார்கள். "வழக்கம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் தப்பித்துக் கொள்கிறோம்.

மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததற்குப் பின்னர், 16-ஆம் நூற்றாண்டில், போர்ச்சுகீசியர் வழியாக மிளகாய் இந்நாட்டில் பரவிற்று. மற்ற இரண்டும் நம் சமையலில் இடம்பெற இன்னும் நெடுங்காலம் பிடித்தது. முட்டைக்கோஸும் ஐரோப்பியர் கொணர்ந்ததே. ஆக, திதிச் சமையல் விலக்கி வைப்பவற்றுள் பல, கடல் கடந்து வந்த புது விருந்தாளிகளே. மிளகாய்க்கு முற்பட்ட தமிழ்ச் சமையலின் சாயல், ஆண்டுக்கொரு முறை நம் இலையில் வந்து விழுகிறது.

அக்காலத்தில் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு. சங்க நூல்களில் அதற்குக் 'கறி' என்றும் பெயர் உண்டு. யவனர் மரக்கலங்கள் முசிறித் துறையில் பொன்னைக் கொடுத்துக் கறியை ஏற்றிச் சென்றதை அகநானூறு கூறுகிறது. பின்னாளில் அச்சொல் காய்க்கும் இறைச்சிக்கும் ஆகி, ஆங்கிலத்திலும் குடியேறிற்று. 1747-இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் 'கறி' ஒன்று உண்டு. அதில் சேர்வன மிளகும் கொத்தமல்லி விதையும், மிளகாய் இல்லை!

புதிதாக வந்த காய்க்குப் பெயர் தேடியபோது மக்கள் பழைய மிளகையே துணைக்கு அழைத்தார்கள். மிளகைப் போல் காரமான காய் மிளகாய் ஆயிற்று. கன்னடர் மெணசின்காயி என்றதும் அவ்வாறே. இந்தியின் 'மிர்ச்', மிளகைக் குறிக்கும் 'மரீசம்' என்ற வடசொல்லின் வழி வந்தது. இன்று மிளகு தன்னை 'காலி மிர்ச்' என்று அடைமொழியிட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரன் திண்ணைக்கு வந்த கதைதான்.

சாம்பாரைப் பற்றியும் ஒரு சொல். தஞ்சை மராட்டியர் அரண்மனையில் அது பிறந்ததாக ஒரு கதை வழங்குகிறது. சுவையான கதை, ஆனால் கறிமசாலைப் பொருள்களைக் குறிக்கும் 'சம்பாரம்' என்ற சொல் தமிழில் இருக்க, நாம் அக்கதையை அத்தனை எளிதில் ஏற்பதற்கில்லை.

மிளகு குழம்புக்கு வருவோம். மிளகையும் துவரம்பருப்பையும் உளுத்தம்பருப்பையும் கறிவேப்பிலையோடு வறுத்தரைத்து, புளிக்கரைசலில் இட்டு, நல்லெண்ணெய் மேலே மிதந்து வரும்வரை கொதிக்க வைப்பார்கள். எத்தனை மிளகு என்று எவரும் எழுதி வைத்ததில்லை, கைதான் கணக்கு. அந்தக் கைக்கு உரியவர் பெரும்பாலும் ஊரில் இருக்கிறார். நாம் இங்கே இருக்கிறோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அவர் அள்ளிப் போடுமுன் அந்தப் பிடியை ஒரு தட்டில் கொட்டி அளந்து குறித்துக்கொண்டு வரலாம்.

ஒடிசாவில் இருப்போர் இன்னொன்றும் கவனித்திருக்கலாம். பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் இன்றளவும் அனுமதி இல்லை.